ஒரு விகுதியின் சரித்திரம்

1

2014 ஜனவரி 26ஆம் தேதி இரவு துனீசியாவின் அரசியல் நிர்ணய சபை புதிய அரசியல் சாசனத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவர்கள் 200 பேர், எதிர்த்தவர்கள் 12 பேர், எந்தப் பக்கமும் சேராதவர்கள் 4 பேர். சாசனத்தின் முதல் ஷரத்து அந்தச் சபை எழுதியதல்ல. 1959ஆம் வருஷத்துச் சாசனத்தில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, இனி இதை யாரும் திருத்தக் கூடாது என்று ஒரு வரியை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த ஷரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: துனீசியா சுதந்திரமும் இறைமையும் உள்ள ஓர் அரசு; இஸ்லாம் அதன் மதம்; அரபி அதன் மொழி; குடியரசு அதன் ஆட்சி முறை.

மேலோட்டமாகப் படித்தால் இதில் சிக்கல் ஒன்றும் தெரியாது. ஆனால் சபையிலும் தெருவிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த சண்டையில் கணிசமான பகுதி இந்த 'அதன்' எதைச் சுட்டுகிறது என்பதைப் பற்றியதுதான். அரசு என்ற சொல்லுக்கு அது போகிறதென்றால் அரசுக்கு ஒரு மதம் இருக்கிறது. அதிலிருந்து சட்டங்கள் பிறக்கலாம், பிறக்கவும் வேண்டும். துனீசியா என்ற பெயருக்குப் போகிறதென்றால், அந்த நாட்டில் வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்ற தகவலைச் சாசனம் பதிவு செய்கிறது, அவ்வளவே. வாக்கியத்தின் மற்ற இரண்டு உறுப்புகளும் உதவிக்கு வருவதில்லை. ஆட்சி முறை அரசுக்கு உரியது. மொழி பேசுகிறவர்களுக்கு உரியது. மதம் எந்தப் பக்கம் என்பதை வாக்கியம் சொல்ல மறுக்கிறது.

அரபி எனக்குத் தெரியாது. எங்கள் கிளையில் சிறுவயதில் மதரஸாவில் ஓதிய ஊழியர் ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு வேளையில் ஷரத்தின் மூலத்தை அவரிடம் காட்டினேன். தீனுஹா, லுகத்துஹா, நிழாமுஹா என்று படித்துவிட்டு, ஒரு வவுச்சரின் பின்பக்கத்தில் கடைசி 'ஹா'வை மட்டும் தனியாக எழுதிக் காட்டினார். அது பெண்பால் விகுதி. அரசைக் குறிக்கும் 'தவ்லா' பெண்பால். நாட்டைக் குறிக்கும் 'தூனிஸ்' என்ற பெயரும் பெண்பால். "ரெண்டுக்கும் போகும் சார்" என்றார். அந்த வாக்கியத்தை வைத்து ஒரு நாடு எவ்வளவு தூரம் போராடியிருக்கிறது என்பது அவருக்கும் அன்றுதான் தெரியும்.

நன்னூல் உத்திகளைப் பட்டியலிடும்போது இரட்டுற மொழிதலையும் ஒன்றாகச் சேர்க்கிறது. கவிதையில் ஒரு சொல் இரண்டு பக்கம் இழுப்பதைக் குறையாகக் கருதாமல் அதன் இயக்கமாகவே பார்க்க வேண்டும் என்று 1930இல் எம்ப்ஸன் ஒரு புத்தகம் முழுக்க வாதாடினார். பி.ஏ. வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தவன் நான். வங்கி எனக்குக் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது. அடமானப் பத்திரத்தில் 'அதன்' என்பது வீட்டைக் குறிக்கிறதா மனையைக் குறிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சட்ட ஆலோசகர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். கவிதைக்கு ஆவது பத்திரத்துக்கு ஆகாது. அரசியல் சாசனம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணமான கேள்வி.

அரபு எழுச்சிகளைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு வரும்போதெல்லாம் ஒரு முடிவு தயாராக வந்துவிடுகிறது. ஜனங்கள் சர்வாதிகாரியை விரட்டினார்கள், காலியான இடத்தில் மதம் வந்து உட்கார்ந்தது, ஜனநாயகம் செத்தது. மூன்று வாக்கியங்களில் ஒரு பெரும் சரித்திரத்தை அடக்கிவிடும் இந்த லாகவம் எனக்குச் சந்தேகத்தையே தருகிறது. மதத்தைப் பற்றி மிக அதிகமாகவும் வெளிப்படையாகவும் சண்டையிட்டுக்கொண்ட நாடு துனீசியா. அங்கேதான் ஜனநாயகம் மிக நீண்ட காலம், பத்து வருஷம், உயிரோடிருந்தது. அதைக் கொன்றது எது என்று பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

2

வாக்கியம் பிறந்தது விடுதலையின்போது. 1956 மார்ச்சில் பிரான்ஸிடமிருந்து நாடு விடுபட்டது. அந்த மாதமே அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. ஹபீப் புர்கிபாவின் வேகம் நாம் அறிந்த பல தலைவர்களுக்கு வாய்க்காதது. அந்த ஆகஸ்ட் 13ஆம் தேதியே குடும்பச் சட்டத்தை வெளியிட்டுப் பலதார மணத்தைத் தடைசெய்தார். விவாகரத்தைக் கணவனின் வாய்ச்சொல்லிலிருந்து எடுத்து நீதிமன்றத்தின் கையில் கொடுத்தார். வக்ஃபு சொத்துகள் கலைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாக மார்க்கக் கல்வி நடந்து வந்த ஸைத்தூனாவின் தனித்தன்மை போயிற்று. இவ்வளவையும் செய்தவர் சாசனத்தின் வாசலில் 'இஸ்லாம் அதன் மதம்' என்று எழுதவைத்தார்.

இதை வெறும் தந்திரம் என்று சொல்வது எளிது. எனக்கு அது போதாது என்று படுகிறது. துருக்கியில் அதாதுர்க் செய்ததுபோல மதத்தை வெளியே நிறுத்த புர்கிபா விரும்பவில்லை. அதை அரசாங்கத்தின் ஓர் இலாகாவாக ஆக்க விரும்பினார். 1960இல், வறுமையை எதிர்த்து உழைப்பதும் ஜிஹாத்தான், ஜிஹாத்தில் இருப்பவன் நோன்பை விடலாம் என்று தொழிலாளர்களுக்குச் சொன்னார். மதத்துக்கு எதிரான வாதமாக அதை அவர் வைக்கவில்லை. முஃப்தி சொல்ல வேண்டியதை ஜனாதிபதி சொன்னார். இமாம்களை நியமிப்பது அரசு, சம்பளம் கொடுப்பது அரசு. 1987 நவம்பரில் புர்கிபாவை அகற்றிவிட்டு வந்த பென் அலியின் காலத்தில் இந்தப் பிடி போலீஸ் பிடியாகவே இறுகியது.

ஆக, 1959 முதல் 2011 வரை வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருந்தது. வாசகன் ஒருவன்தான் இருந்தான். தேவைப்பட்டபோது 'ஹா' அரசுக்குப் போகும், வேண்டாதபோது நாட்டுக்குப் போகும். எப்போது எங்கே என்பதை அரண்மனை தீர்மானித்தது. முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாதவனை மணக்கக் கூடாது என்று குடும்பச் சட்டத்தில் வெளிப்படையாக இல்லை. 1973இல் ஒரு சர்க்குலர் போட்டு அதைத் தடுத்தார்கள். சாசனமும் சட்டமும் செய்யாததை ஒரு சுற்றறிக்கை செய்துவிடும் என்பதை வங்கியில் வேலை பார்க்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சர்க்குலர் ரத்தானது 2017இல்.

இந்த ஏற்பாட்டில் இஸ்லாமியவாதிகளுக்கும் இடம் இல்லை, இடதுசாரிகளுக்கும் இடம் இல்லை. ரஷீத் கன்னூஷியின் இயக்கம் 1981இல் தோன்றியது; 1989இல் அந்நஹ்தா, மறுமலர்ச்சி, என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருஷம் அவர் நாட்டை விட்டுப் போனார். தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் சிறைக்குப் போனார்கள். சாதிக் ஷூரூ என்பவர் மட்டும் ஏறக்குறைய இருபது வருஷம் உள்ளே இருந்தார். பிறகு சபையில் உட்கார்ந்து, சட்டத்தின் மூலம் ஷரீஆவாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவர் ஒருவர். இருபது வருஷத்துக்கு ஒரு அர்த்தம் வேண்டும் என்று ஒரு மனிதன் கேட்பதைப் பழமைவாதம் என்ற ஒரே சொல்லால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

3

எகிப்திலும் சரித்திரம் ஒரு சின்ன உருபில்தான் நடந்தது. 1971ஆம் வருஷச் சாசனத்தின் இரண்டாவது ஷரத்து, ஷரீஆவின் கோட்பாடுகள் சட்டத்துக்கு ஒரு முக்கிய மூலம் என்றது. 1980இல் அன்வர் சதாத் அதைத் திருத்தினார். 'ஒரு முக்கிய மூலம்' என்பது 'முக்கிய மூலம்' ஆயிற்று. அரபியில் 'அல்' என்ற உருபைச் சேர்த்தால் போதும். பலவற்றில் ஒன்றாக இருந்தது பிரதானமான ஒன்றாகிவிடுகிறது.

இதே திருத்தத் தொகுப்பில் இன்னொன்றும் இருந்தது. ஜனாதிபதி இரண்டு தவணைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற தடை நீக்கப்பட்டது. இரண்டையும் ஒரே வாக்கெடுப்பில் மக்கள் முன் வைத்தார்கள். வேதத்துக்கு எதிராக வாக்களிக்க விரும்பாதவர் வரம்பற்ற பதவிக்கும் சேர்த்து வாக்களிக்க வேண்டியிருந்தது. சதாத் அடுத்த வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி, மதத்தின் பெயரால் பேசிய சிப்பாய்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நீக்கப்பட்ட தடையின் பலனை முபாரக் முப்பது வருஷம் அனுபவித்தார். மதம் அரசைப் பிடித்துக்கொள்ளும் என்று நாம் பயப்படுகிறோம். அரசு மதத்தை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்வதற்கு இது நல்ல உதாரணம்.

'அல்' சட்டமாக எப்படி வேலை செய்தது என்பதும் சுவாரஸ்யமானது. அல்-அஸ்ஹரின் மருத்துவப் பிரிவு அறுவைக் கருவிகள் வாங்கிய பாக்கிக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. வட்டி ஷரீஆவுக்கு விரோதம், ஆகவே இரண்டாவது ஷரத்தின்படி செல்லாது என்று அல்-அஸ்ஹர் வாதிட்டது. உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் 1985 மே மாதம் தீர்ப்புச் சொன்னது: 1980க்குப் பிறகு இயற்றப்படும் சட்டங்களைத்தான் புதிய ஷரத்து கட்டுப்படுத்தும், பழைய சட்டங்களை அல்ல. வட்டி பிழைத்தது. மார்க்கக் கல்வியின் தலைமைப் பீடமே வாதியாக வந்து நின்றும், ஷரத்தை எப்படிப் படிப்பது என்ற அதிகாரம் நீதிபதிகளிடம்தான் இருந்தது. வட்டிக் கணக்கில் பொழுது போகிற எனக்கு இந்தத் தீர்ப்பின்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

2011 பிப்ரவரி 11இல் முபாரக் போனார். மார்ச் 19இல் நடந்த வாக்கெடுப்பில் இரண்டாவது ஷரத்து விவாதத்திலேயே இல்லை. இருந்தும் அதைக் காப்பாற்ற 'ஆம்' என்று வாக்களியுங்கள் என்ற பிரசாரம் நடந்தது. 77 சதவீதம் ஆம். 2012 ஜூனில் முஹம்மத் முர்சி 51.7 சதவீத வாக்கில் ஜனாதிபதியானார். நவம்பர் 22இல் தம் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்தார். மதச்சார்பற்றவர்களும் தேவாலயங்களின் பிரதிநிதிகளும் வெளியேறிய சபை ஒரே இரவில் சாசனத்தை முடித்தது. அதன் 219ஆவது ஷரத்து, ஷரீஆவின் கோட்பாடுகள் என்றால் என்ன என்பதற்கு ஸுன்னி மார்க்கச் சட்ட மரபின் கலைச்சொற்களில் வரையறை தந்தது. இரண்டாவது ஷரத்தில் நீதிபதிகளுக்கு விட்டிருந்த இடைவெளியை மூடுவதுதான் நோக்கம். டிசம்பர் வாக்கெடுப்பில் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தார்கள். வந்தவர்களில் 64 சதவீதம் ஆதரவு. சட்டப்படி வெற்றிதான்.

அடுத்த ஜூலை 3ஆம் தேதி ஜெனரல் சீசி தொலைக்காட்சியில் தோன்றி முர்சியை நீக்கியதை அறிவித்தார். அவருக்குப் பக்கத்தில் அல்-அஸ்ஹரின் ஷேக் இருந்தார், காப்டிக் போப் இருந்தார், ஸலஃபிக் கட்சியின் பிரதிநிதியும் இருந்தார். மதம் இந்தக் காட்சியில் இரண்டு பக்கமும் இருந்தது. ஆகஸ்ட் 14இல் ராபியா சதுக்கத்தில், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கின்படி, குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டார்கள். 2014 ஜனவரியில் வந்த ராணுவத்தின் சாசனம் 219ஐ நீக்கியது, மத அடிப்படையிலான கட்சிகளைத் தடைசெய்தது, 1980ஆம் வருஷத்து 'அல்'லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஆதரவு 98 சதவீதம். துனீசியச் சபை தன் சாசனத்தை நிறைவேற்றியதும் அதே மாதம்தான்.

4

விகுதிகளால் மட்டும் சரித்திரம் நடப்பதில்லை. துனீசியாவின் ராணுவம் சிறியது. எகிப்து ராணுவத்தைப்போல் தொழிற்சாலைகளும் நிலங்களும் அதனிடம் இல்லை. 1946இல் தொடங்கிய தொழிற்சங்க சம்மேளனம் எல்லா ஊரிலும் கிளை வைத்திருந்தது. தேர்தல் முறையும் உதவியது. சட்ட அறிஞர் இயாத் பென் ஆஷூர் தலைமையில் அமைந்த குழு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைத் தேர்ந்தெடுத்தது. 2011 அக்டோபர் 23இல் அந்நஹ்தா சுமார் 37 சதவீத வாக்கும் 217இல் 89 இடமும் பெற்றது. தொகுதிக்கு ஒருவர் என்ற நம் முறை அங்கே இருந்திருந்தால் தனிப் பெரும்பான்மை சுலபமாகக் கிடைத்திருக்கும். சமாதானம் பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு கூட்டு வைத்துத்தான் ஆள வேண்டியிருந்தது.

இதற்கு முன்பே ஓர் ஒத்திகை நடந்திருந்தது. 2005 அக்டோபர் 18இல், பென் அலியின் அடக்குமுறையை எதிர்த்து இஸ்லாமியவாதிகளும் இடதுசாரிகளும் தாராளவாதிகளும் சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அதிலிருந்து பிறந்த கூட்டு, அடுத்த சில வருஷங்களில் பெண்களின் சமத்துவம், மனசாட்சிச் சுதந்திரம், மதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவு ஆகியவை பற்றி உட்கார்ந்து விவாதித்துப் பொது அறிக்கைகள் தயாரித்தது. மத ஸ்தாபனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு இடம் விட வேண்டும், அரசு மத வாழ்வுக்கு இடம் விட வேண்டும் என்ற ஆல்பிரட் ஸ்டெபானின் இரட்டைச் சகிப்பு துனீசியாவுக்குப் பொருந்துகிறது என்று 2012இல் அவரே எழுதினார். அந்தச் சகிப்பு சிறைக்கும் தலைமறைவுக்கும் இடையில் கையால் செய்யப்பட்டது என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

2012 மார்ச்சில் சபையின் வாசலில் ஷரீஆ வேண்டும் என்று பெருங்கூட்டம் கூடியது. சில நாள் கழித்து சுதந்திர தினத்தன்று எதிர்த்தரப்பின் கூட்டம் வந்தது. மாத இறுதியில் அந்நஹ்தா, ஷரீஆ என்ற சொல்லைச் சாசனத்தில் வைக்கப்போவதில்லை, பழைய முதல் ஷரத்தே போதும் என்று அறிவித்தது. ஜனங்களைப் பிளக்கிற சொல் சாசனத்தில் இருக்கலாகாது என்று கன்னூஷி வெளியே விளக்கினார். தம்மவர்களிடம், இஸ்லாம் என்று சொல்லியாகிவிட்டது, ஷரீஆ இல்லாத இஸ்லாம் ஏது என்று விளக்கினார். இரட்டை நாக்கு என்று எதிரிகள் சொன்னார்கள். இரட்டுற மொழிதலுக்கும் இரட்டை நாக்குக்கும் வித்தியாசம் என்ன என்பதை அன்று யாராலும் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. பின்னால் நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆகஸ்டில் வரைவின் 28ஆவது ஷரத்து, குடும்பத்தில் பெண் ஆணை நிறைவு செய்பவள் என்றது. நிறைவு செய்பவள் என்பது சமமானவள் ஆகாது என்று 1956 சட்டத்தின் ஆண்டு தினத்தில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சொல் போயிற்று. 2013 ஜூன் 1ஆம் தேதி வரைவில் சண்டை கடைசிப் பக்கத்துக்கு நகர்ந்தது. முதல் ஷரத்தை யாரும் தொடவில்லை. 141ஆவது ஷரத்தில், எந்தத் திருத்தமும் இஸ்லாம் அரசின் மதம் என்பதைப் பாதிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. முன்வாசலில் இரண்டு பக்கமும் போகிற 'ஹா' கொல்லைப்புறத்தில் ஒரு பக்கத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தது. பத்திரம் படிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான்: ஐயம் முதல் பக்கத்தில் இருக்கும், தீர்வு கடைசி நிபந்தனையில் ஒளிந்திருக்கும்.

அந்த வருஷம் இரத்தம் சிந்திய வருஷம். பிப்ரவரி 6இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெலாயித் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25இல், குடியரசு தினத்தன்று, சபை உறுப்பினர் முஹம்மத் பிராஹ்மி. ஜிஹாதிகள் செய்த கொலைகள். பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி ஆளுங்கட்சியின் வாசலில் வந்து நின்றது. எகிப்தில் முர்சி வீழ்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சபை செயலிழந்தது. தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வக்கீல்கள் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து இரு தரப்பையும் பேசவைத்தன. 2015இல் நோபல் அமைதிப் பரிசு அவற்றுக்குக் கிடைத்தது. அந்நஹ்தா 141ஆவது ஷரத்தின் அந்த வரியை விட்டது. பிறகு ஆட்சியையும் விட்டது. கெய்ரோவைப் பார்த்த பயம் அதில் இருந்தது என்பது உண்மை. பயத்தினால் வந்த ஞானத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசி மாதம் நடந்தது சொல்லத் தக்கது. 2014 ஜனவரி முதல் வாரத்தில் அந்நஹ்தாவின் ஹபீப் எல்லூஸ், இடதுசாரி உறுப்பினர் முன்ஜி ரஹூயி இஸ்லாத்தின் விரோதி என்று பேசினார். ரஹூயிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன; சபையில் எழுந்து அதைச் சொன்னார். பெலாயிதின் கொலை எல்லோர் நினைவிலும் இருந்தது. ஆறாவது ஷரத்தைத் திரும்ப எடுத்தார்கள். அதில் மதத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு, புனிதமானவற்றைப் பாதுகாக்கும் கடமை உண்டு, மனசாட்சிச் சுதந்திரமும் உண்டு. பிறரைக் காஃபிர் என்று அறிவிக்கும் தக்ஃபீரைத் தடுக்கும் கடமையும் இப்போது சேர்ந்தது. ஒரே ஷரத்துக்குள் ஒன்றோடொன்று மோதுகிற நான்கு கடமைகள். சட்டக் கல்லூரியில் இதை மோசமான வரைவு என்பார்கள். அந்தச் சபைக்குள் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் எதற்குப் பயந்தார்கள் என்பது அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

5

இப்படி எழுதப்பட்ட சாசனம் ஒரு வாசகனை எதிர்பார்த்தது. ஒருவன் அல்ல, பன்னிரண்டு பேர். பாராளுமன்றம் நால்வர், நீதித்துறை மன்றம் நால்வர், ஜனாதிபதி நால்வர் என்று சேர்ந்து அமையும் அரசியல் சாசன நீதிமன்றம். முதல் ஷரத்தின் 'ஹா' எங்கே போகிறது, ஆறாவது ஷரத்தில் எந்தக் கடமை எதற்குக் கட்டுப்பட்டது என்றெல்லாம் வழக்கு வழக்காகச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதற்கான சட்டம் 2015இல் வந்தது. பாராளுமன்றத்தின் நால்வருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2018இல் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மற்ற இடங்கள் கடைசி வரை காலி. உன் ஆள் என் ஆள் என்ற பேரத்தில் கட்சிகள் இதைத் தட்டிக் கழித்தன. அந்நஹ்தாவுக்கும் அதில் பங்குண்டு. தேர்தலுக்குத் தேர்தல் அதன் இடங்கள் 89, 69, 52 என்று சுருங்கிக்கொண்டிருந்தன. வேலையின்மை குறையவில்லை. அரசாங்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2018இல் ஜனாதிபதி எஸ்ஸெப்ஸி சொத்துரிமையில் ஆண் பெண் சமத்துவத்தை முன்வைத்தபோது அந்நஹ்தா மறுத்தது. முதல் ஷரத்து அதை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா என்று சொல்ல நீதிமன்றம் இல்லை.

2021 ஜூலை 25இல் ஜனாதிபதி கைஸ் ஸயீத் 80ஆவது ஷரத்தைக் காட்டிப் பிரதமரை நீக்கினார், பாராளுமன்றத்தை முடக்கினார். அந்த ஷரத்தில் குழப்பமே இல்லை. நெருக்கடிக் காலத்தில் பாராளுமன்றம் தொடர்ந்து கூடியிருப்பதாகக் கருதப்பட வேண்டும் என்று அது வெளிச்சமாகச் சொல்கிறது. அன்றிரவு சபாநாயகரான கன்னூஷி பாராளுமன்ற வாசலுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது, உள்ளே ராணுவ வாகனம் நின்றது. கேள்வி கேட்க நீதிமன்றம் இல்லாத இடத்தில் தெளிவான வாக்கியத்துக்கும் மதிப்பில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. வெளியே ஜனங்கள் கொண்டாடினார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பத்து வருஷத்து சமரசம் அவர்களுக்கு ரொட்டியாக மாறவில்லை.

ஸயீத் அரசியல் சாசனச் சட்டம் கற்பித்த ஆசிரியர். அரசுக்கு மதம் இருக்க முடியாது, சமூகத்துக்குத்தான் மதம் என்று சொல்லி வந்தவர். 2022 ஜூன் 30இல் வெளியான அவருடைய வரைவில் முதல் ஷரத்திலிருந்து மதம் போய்விட்டது. மதச்சார்பற்றவர்கள் அறுபது வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஐந்தாவது ஷரத்தில் அது திரும்பி வந்தது: துனீசியா இஸ்லாமிய சமுதாயத்தின் ஒரு பகுதி, உயிர், மானம், பொருள், மதம், சுதந்திரம் ஆகியவற்றைக் காப்பதில் இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு, அரசு ஒன்றின் பொறுப்பு மட்டுமே. வரைவுக் குழுவின் தலைவர் சாதிக் பெலாயித், தாம் கொடுத்தது இதுவல்ல, இது ஆபத்தானது என்று கைகழுவினார். ஜனநாயக அமைப்புக்குட்பட்டு என்ற சொற்கள் ஒரு வாரம் கழித்துச் சேர்க்கப்பட்டன. ஜூலை 25 வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். அவர்களில் 94 சதவீதத்துக்கு மேல் ஆம்.

இந்த ஷரத்தையும் என் சக ஊழியரிடம் கொண்டுபோனேன். 'அரசு மட்டுமே' என்ற இடத்தில் விரலை வைத்து 'வஹ்தஹா' என்று படித்தார். அதே 'ஹா'. இந்த முறை அது எங்கே போகிறது என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

6

இரண்டு சாசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2014இல் இரண்டு பொருள் தரும் ஒரு விகுதி, அதைப் பற்றிச் சண்டையிட 217 பேர். 2022இல் ஒரே பொருள் தரும் விகுதி, அதை எழுதியவர் ஒருவர். தெளிவு இரண்டாவதில்தான் இருக்கிறது. மதத்தை அரசு ஒன்றே நிறைவேற்றும் என்பது புர்கிபா எழுதாமல் செய்ததை எழுதி வைத்தது. அந்நஹ்தா ஆட்சியில் இருந்தபோதுகூட இப்படி ஒரு வாக்கியத்தைச் சாசனத்துக்குள் கொண்டுவர முடிந்ததில்லை.

2014 வாக்கியத்தின் இருபொருள் ஒரு தற்காலிக ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு நான் பாதி தூரம் ஒத்துப்போகிறேன். சொத்துரிமை கேட்ட பெண்களுக்கு அது விடை சொல்லவில்லை. ஜனாதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சாசனத்திலும் இருந்தது. துனீசிய யூதர் ஒருவர் அதைப் படித்தால் எந்த 'அதன்' என்று அவருக்குச் சந்தேகமே வந்திராது. இருந்தாலும் தகராறைத் தீர்க்காமல் ஒத்திவைத்து, அதைப் பேசித் தீர்க்க ஓர் இடத்தைக் கட்டுவோம் என்று கொலைகளுக்கு நடுவில் இரண்டு தரப்பு ஒப்புக்கொண்டது சிறிய காரியம் அல்ல. ஒத்திவைத்தார்கள், இடத்தைக் கட்டவில்லை. தோல்வி அங்கேதான் நேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பக்கங்களில் நான் எழுதிய மதிப்புரைகளில் 'சமரசம்' என்ற சொல்லை வசவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். வணிகப் பத்திரிகைக்கு எழுதப்போன நண்பரை அந்தச் சொல்லால் அடித்ததும் உண்டு. நம் சிறு கூட்டத்தில் அது எல்லோரும் புரிந்துகொள்கிற வசவு. வள்ளலார் அதைத் தம் சன்மார்க்கத்தின் பெயரிலேயே வைத்திருந்தார் என்பது நமக்கு மறந்துபோயிற்று. எழுத்தில் சமரசம் கூடாது என்ற அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கவிதை ஒருவன் தனியாக எழுதுவது. அதில் அவன் யாரோடு ஒத்துப்போக வேண்டும்? சாசனம் தன்னை வெறுக்கிறவனோடு உட்கார்ந்து எழுத வேண்டியது. கவிதையின் நெறியை அங்கே கொண்டுபோய், ஒளிவு மறைவற்ற வாக்கியம் வேண்டும் என்று கேட்டால், அதைத் தரத் தயாராக ஒருவர் எப்போதும் காத்திருக்கிறார். இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். 2021 ஜூலையில் அந்தக் கொண்டாட்டத்தைப் படத்தில் பார்த்து, கடைசியில் ஒருவன் துணிந்துவிட்டான் என்று நண்பருக்கு எழுதினேன். அந்தக் கடிதம் அவரிடம் இன்னும் இருக்கிறது.

கன்னூஷி 2023 ஏப்ரலில் கைதானார். 2025 பிப்ரவரியில் அவருக்கு 22 வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று. அதே வருஷம் ஏப்ரலில், அரசுக்கு எதிரான சதி என்ற வழக்கில் இஸ்லாமியவாதிகளும் இடதுசாரிகளும் தாராளவாதிகளும் ஒரே தீர்ப்பில் தண்டிக்கப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் அஹ்மத் நஜீப் ஷாப்பி ஒருவர். மதச்சார்பற்றவர். 2005 அக்டோபரில் இஸ்லாமியவாதிகளோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தவர்.